ஆளில்லை என்பதற்கு அத்தாட்சி

ஆளில்லாத வீட்டுக்கு ஆளிருக்கிற வீட்டைவிடச் செலவு அதிகம் என்பது என் மனைவி போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆள் இருந்தால் குழாய் ஒழுகுவதை யாராவது பார்ப்பார்கள், இறுக்கி மூடுவார்கள். ஆளில்லாத வீட்டில் அது மாதக்கணக்கில் ஒழுகும். முதலில் தண்ணீர்க் கட்டணம் வரும், அப்புறம் சுவரில் ஈரம் ஏறும், அப்புறம் பூச்சு உதிரும். கடைசியாகக் கொத்தனார் வந்து, இதை முன்னாடியே கவனித்திருக்கலாமே என்பார். அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும்.

வீடு அவள் அப்பா கட்டியது. பாதி அவளுக்கு, பாதி அவள் தம்பிக்கு. தம்பி, அதாவது என் மைத்துனன், லிப்ட் மெக்கானிக். கம்பெனி குடியிருப்பில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நகரத்தின் மறுகோடியில் இருக்கிறான். நானும் அவளும்தான் அந்த வீட்டில் இருபத்தாறு வருஷம் குடியிருந்தோம். பிள்ளைகள் இல்லை. அவள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறைக்கும் குளியலறைக்கும் இடையில் இருக்கிற நாலடி இடத்தில் அவள் விழுந்தாள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு மாதம் அங்கேயே இருந்து பார்த்தேன். என்னால் முடியாமல் போனது அழுகையால் அல்ல. சாப்பிட்ட தட்டை நானே கழுவுவேன். கழுவும்போது வருகிற சத்தத்தைக் கேட்டு, அவள் சமையலறையில் இருக்கிறாள் என்று நினைப்பேன். குழாயடியில் நின்றுகொண்டு, கையில் தட்டோடு, அப்படி நினைப்பேன். முப்பத்தொரு நாள் நினைத்துவிட்டு, அச்சகத்துக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அப்போதிலிருந்து என் சம்பளம் ஒரு வீட்டில் இருப்பதற்கும் இன்னொரு வீட்டில் இல்லாமலிருப்பதற்குமாகப் பிரிந்து போயிற்று. மைத்துனன் பாதிச் செலவு தருவதாகச் சொன்னான், தரவும் செய்தான், பள்ளிக்கூடம் திறக்காத மாதங்களில். ஆறு மாதம் கழித்து நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீடு காலியாகக் கிடப்பதால் காலிவீட்டு வரி விதித்திருக்கிறார்களாம், அடுத்த அரையாண்டிலிருந்து அது இரட்டிப்பாகுமாம். நேரில் போனேன். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த எழுத்தர் நல்ல மாதிரியான பெண். இரண்டு முறை பகலில் ஆள் வந்து தட்டியிருக்கிறார்கள், யாரும் திறக்கவில்லை, புல் முழங்கால் உயரம் என்று கோப்பைப் பார்த்துப் படித்தார். பிறகு, எல்லோரும் சொல்வதை அவரும் சொன்னார்.

"சொந்த வீட்ட வெச்சுகிட்டு ஏன் சார் வாடகை குடுக்கறீங்க? நீங்களே போயி இருந்துட்டா வரியும் இல்ல, வாடகையும் இல்ல."

கணக்காகப் பார்த்தால் இதைவிடச் சரியான பேச்சு கிடையாது. அதுதான் எரிச்சல். அச்சக முதலாளி சொன்னார், என் அண்ணன் போனில் சொன்னார், அறையைப் பெருக்க வருகிற பெண் சொன்னாள். ஒவ்வொருவரும் தாங்களே முதலில் கண்டுபிடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன். வரி இரட்டிப்பானால் இரண்டையும் கட்ட முடியாது. அறையை விட்டுவிட்டு அந்தச் சமையலறைக்கே திரும்பிப் போக வேண்டும். ஐந்து மாதம் இருந்தது. அதற்குள் விற்றாக வேண்டும்.

மைத்துனன் உடனே சரி என்றான். இதில் அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள் அத்தான், வந்து போடுகிறேன் என்றான். அதோடு இன்னொன்றும் சொன்னான். இரண்டு தெரு தள்ளி ஒரு பூட்டிய வீட்டில் புகுந்து, கதவு நிலை வரைக்கும் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். விற்கிற வரைக்கும் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரித் தெரிய வேண்டும், ரெண்டு விளக்கு போட்டு வைக்கிறேன், அதுவே எரிந்து அதுவே அணையும் என்றான். நல்ல யோசனைதான் என்றேன். இரண்டு விளக்கு என்றால் நான் இரண்டு விளக்கு என்றுதான் நினைத்தேன்.

தரகருக்கு நான் வைத்த பெயர் 'ரெண்டே வாரம்'. எதைக் கேட்டாலும் ரெண்டே வாரம் சார் என்பார். முன்பணம் ரெண்டே வாரம், பத்திரம் ரெண்டே வாரம், அவர் முட்டிவலி சரியாவதும் ரெண்டே வாரம். வாடகைக்கு விடலாமா என்று கேட்டதற்கு மட்டும் பதறிப்போனார். ஆளைக் குடிவைத்துவிட்டு விற்கப் போனால் பாதி விலைக்குக் கேட்பார்கள் சார், கிளப்ப ஒரு ஜென்மம் வேணும் சார், காலி வீடுதான் சார் உங்களுக்குப் பலம் என்றார். காலி என்பதையே ஒரு வசதியைப் போல விளம்பரத்தில் முதல் வரியாகப் போட்டார்.

முதலில் ஒரு ஆசிரியத் தம்பதி வந்தார்கள். மூன்று முறை வந்தார்கள். அந்த அம்மா சமையலறையில் நாடா வைத்து அளந்து, பிரிட்ஜ் எங்கே, சாப்பாட்டு மேசை எங்கே என்று தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டுப் போனார். எனக்கு அந்தக் கோடுகள் பிடித்திருந்தன. அந்த இடத்தில் வேறொருவருடைய கோடு இருப்பது நல்லதுதான் என்று தோன்றியது. முன்பணம் கொண்டு வருகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். போனை எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்த கணவர், மன்னிக்கணும் சார், எங்களுக்குச் சிக்கல் எதுவும் வேணாம் என்று வைத்துவிட்டார். என்ன சிக்கல் என்று கேட்க இடம் கொடுக்கவில்லை.

அடுத்து ஒரு மாட்டு டாக்டர். வீட்டைச் சுற்றி வந்து சுவரையெல்லாம் தட்டித் தட்டிப் பார்த்தார், மாட்டை வாங்குகிற மாதிரி. பல்லை மட்டும்தான் பார்க்கவில்லை. மறுநாள் மாலை தனியாக அந்தப் பக்கம் வந்து பார்த்தாராம். அதற்கு மறுநாள் அவரும் காணாமல் போனார். ரெண்டே வாரத்திடம் கேட்டால், அவங்க வீட்டம்மாவுக்குத் திசை பிடிக்கலையாம் சார் என்றார். அவருக்கும் உண்மை தெரியாது, எதையாவது சொல்லி வைத்தார்.

இதற்கிடையில் மின்கட்டணம் வந்தது. நானும் அவளும் இரண்டு பேர் குடியிருந்தபோது வந்ததில் முக்கால்வாசி இருந்தது. மின்வாரிய அலுவலகத்துக்குப் போய், பூட்டிய வீட்டுக்கு இவ்வளவா என்று சண்டை போட்டேன். மீட்டரில் சந்தேகம் இருந்தால் சோதிக்கப் பணம் கட்டுங்கள் என்றார்கள். கட்டினேன். சோதித்தார்கள். மீட்டர் தங்கம் மாதிரி இருக்கிறது என்றார்கள். மைத்துனனிடம் சொன்னேன். பழைய வயரிங் அத்தான், கொஞ்சம் கசியும் என்றான். இதைச் சொன்னபோது அவன் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

மூன்றாவதாக வந்தவர்தான் மருந்துக் கடைக்காரர். பெரிய தெருவில் கடை. பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. வீட்டைப் பகலில் பார்த்தார், பிடித்தது, விலைகூட அதிகம் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து என்னையும் தரகரையும் கடைக்கு வரச் சொன்னார். சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே, நாங்கள் சொன்ன விலையில் பாதியைச் சொன்னார். தரகர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

"உள்ள குடி இருக்காங்களே, அவங்கள யாரு கிளப்புறது? நீங்களா, நானா?"

குடி யாரும் இல்லை, வீடு காலி, பூட்டிக் கிடக்கிறது என்றேன். அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடியே என்னைப் பார்த்தார். நகராட்சிக்காரன் பகலில் வந்து பார்ப்பான், வாங்குகிறவன் சாயந்திரம்தான் சார் வந்து பார்ப்பான் என்றார். மூன்று நாள் வந்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் விளக்கு எரிந்திருக்கிறது, உள்ளே ரேடியோ பாடியிருக்கிறது. பக்கத்து வீட்டில் விசாரித்தால், ஆமாம், ஒரு அம்மா இருக்கிறார்கள் என்றார்களாம்.

வெளியே வந்ததும் தரகர் என் மேல் பாய்ந்தார். இத்தனை நாள் உள்ளே ஆளை வைத்துக்கொண்டு காலி காலி என்று என்னைத் தெருத் தெருவாகச் சொல்ல வைத்தீர்களே, என் தொழில் என்ன ஆவது என்றார். இல்லை, அது விளக்கு, தானாக எரிகிற விளக்கு என்று நான் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே நம்பிக்கை குறைந்தது. நகராட்சிக்கு என் வீட்டில் ஆளில்லை, அதனால் வரி. வாங்க வருகிறவர்களுக்கு என் வீட்டில் ஆள் இருக்கிறது, அதனால் பாதி விலை. இரண்டு பேரும் கையில் சாட்சியோடு பேசுகிறார்கள். பொய் சொல்கிறவனாக நான் மட்டும் நின்றேன்.

அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குப் போனேன். நான் காலி செய்த பிறகு குடிவந்தவர், தையல் வேலை செய்கிறார். வாசல் அறை முழுக்கத் துணி. என்னை ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வந்து பெருக்கிவிட்டுப் போகிற ஆளாகப் பார்த்திருக்கிறார். வீட்டுக்காரரோ, வேலைக்காரரோ, ஏதோ ஒன்று என்று நினைத்திருப்பார். காலால் மெஷினை மிதிப்பதை நிறுத்தாமலே பேசினார்.

"அந்த அம்மாவப் பத்தி ஒரு குறை சொல்ல முடியாதுங்க. வம்புதும்புக்குப் போறதில்ல. வெளிய வந்து நின்னு நான் பாத்ததே இல்ல."

பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"விளக்கப் பாத்தா தெரியாதா? அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சமையலறை விளக்கு. அப்புறம் குளிக்கிற ரூமு. அஞ்சே காலுக்கு ரேடியோ. ஒரு நாள் தவறாதுங்க. எனக்கு அலாரமே அவங்கதான். சாயந்திரம் ஆறு இருபதுக்குக் கூடத்து விளக்கு, மறுபடி ரேடியோ, வேலை முடிஞ்சு வந்துடுவாங்கபோல. ராத்திரி ஒம்பதரைக்குப் படுக்கை ரூமுல சின்ன விளக்கு, எதாச்சும் படிப்பாங்களோ என்னவோ. ஞாயித்துக்கிழம மட்டும் காலைல ஒரு மணி நேரம் தள்ளிப் போவும். பாவம், உழைக்கிற பொம்பள, ஒரு நாளாச்சும் தூங்கட்டுமேன்னு நெனச்சுக்குவேன்."

நான் அங்கே கிடந்த ஒரு துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் வந்ததால் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவருடைய காலை ஆறு மணி ஷிப்டு, அவர் குளிக்கிற நேரம், அவர் கேட்கிற செய்தி, படுக்கும் முன் படிக்கிற அரை மணி நேரம். அவர் என்று எழுதுகிறேன், தையல்கார அம்மா அப்படிச் சொன்னதால். அவளைத்தான் சொல்கிறேன். அந்த அம்மா ஒரு முறைகூடப் பார்த்திராத என் மனைவியை, நான் ஒரு வருஷமாக யாரிடமும் சொல்ல முடியாதபடி, நேரம் பிசகாமல் சொல்லிவிட்டார்.

அங்கே யாரும் இல்லை என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் போனேன். தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மைத்துனனை அவன் வேலை செய்கிற இடத்தில் பிடித்தேன். பதினொரு மாடிக் கட்டடம். லிப்டைத்தான் அவன் கழற்றிப் போட்டிருந்தான், அதனால் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. மொட்டை மாடியில் மெஷின் அறை. மசகு வாசனை, பெரிய சக்கரம், அதில் சுற்றிய கம்பிக் கயிறு, சுவரில் ரிலேக்கள் நிறைந்த பெட்டி. மூச்சு வாங்கிக்கொண்டே நான் கத்தியதில் பாதி அவனுக்குப் புரிந்திருக்காது. ரெண்டு விளக்கு என்று சொல்லிவிட்டு என்ன செய்து வைத்திருக்கிறாய், மீட்டரைச் சோதிக்கப் பணம் கட்டினேனே, அப்போதாவது வாயைத் திறந்தாயா, இரண்டு பேர் ஓடிவிட்டார்கள், மூன்றாவது ஆள் பாதி விலைக்குக் கேட்கிறார், இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது, விற்காவிட்டால் அந்த வீட்டில் நீ போய் இருப்பாயா, நான்தானே போய் இருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டேன்.

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் கழித்துப்போட்ட லிப்டின் கன்ட்ரோல் பெட்டியை எடுத்து வந்து செய்தானாம். பதினாறு இணைப்புக் கொடுக்கலாம், ஏழு நாளுக்கும் தனித்தனியாக நேரம் வைக்கலாம். அதைச் சொல்லும்போது அவனுக்கு உற்சாகம் வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"சரி மச்சான், விளக்கு போட்ட. ஏன் அவ நேரத்துல போட்ட?"

"நேரம் என்னன்னு பெட்டி கேக்குது அத்தான். ஒண்ணொண்ணுக்கும் கேக்குது. எனக்கு அந்த வீட்டுல வேற நேரம் தெரியாது."

பிறகு, வேலை முடிந்து போகும் வழியில் சில நாள் எதிர்ப் பக்கம் வண்டியை நிறுத்தி, கூடத்து விளக்கு எரிகிற வரைக்கும் நின்றுவிட்டுப் போவேன் என்றான். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் என்றான். வாரக்கணக்கில் சரியாக வேலை செய்கிற பெட்டியை எதற்குப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கோபம் போகவில்லை. கோபப்பட ஆள்தான் இல்லாமல் போயிற்று.

ஆள் இல்லை என்று வாசலில் ஒரு போர்டு மாட்டிடலாமா அத்தான் என்று கேட்டான். திருடர்களுக்குப் பத்திரிகையே அடித்து வைக்கலாம் என்றேன்.

கடைசியில் வழி சொன்னது மருந்துக் கடைக்காரர். ஆள் இல்லை என்று காட்ட வேண்டும், அவ்வளவுதானே, ஒரு சாயந்திரம் பெட்டியைக் கழற்றிவிட்டு எல்லோரும் உள்ளே உட்காருவோம், விளக்கு எரியக் கூடாது, யாரும் வரக் கூடாது, எட்டு மணி வரை பார்ப்பேன், காலி என்றால் முழு விலை என்றார். ஒரு வீட்டை வாங்க இப்படி ஒரு நிபந்தனையா என்று தரகர் தலையில் அடித்துக்கொண்டார். நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்ட பிறகுதான், பொழுது சாய்ந்த நேரத்தில் அந்த வீட்டுக்குள் நான் இருக்க வேண்டும் என்பது உறைத்தது. எந்த வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று விற்கிறேனோ அதற்குள்.

வியாழக்கிழமை. மருந்துக் கடைக்காரர் டார்ச்சும், உட்கார ஒரு மடக்கு முக்காலியும் கொண்டு வந்தார். கட்டிலுக்கு அடியில், பரணில், குளியலறைக் கதவுக்குப் பின்னால் என்று எல்லாம் அடித்துப் பார்த்தார். மைத்துனன் பெட்டியின் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அவருக்குக் காட்டினான். பிறகு நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். தரகர் கொசுவை அடித்தார். இருட்ட ஆரம்பித்தது. வீட்டில் யாரும் விளக்கைப் போடாமல் இருட்டை அப்படியே வர விடுவது எவ்வளவு விநோதமானது என்று நான் அதுவரை கவனித்ததில்லை. கை தானாகச் சுவர்ப் பக்கம் போயிற்று. பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆறு இருபது. மைத்துனன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் எரியவில்லை. அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. மருந்துக் கடைக்காரர் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தபடி இருந்தார். ஏழு மணி ஆயிற்று. சாவி போடுகிற சத்தமில்லை, செருப்புச் சத்தமில்லை. சரிதான், காலிதான் என்று அவர் முணுமுணுத்தார். தரகர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் வாசற்கதவைத் தட்டினார்கள்.

மருந்துக் கடைக்காரர் டார்ச்சை என் முகத்தில் அடித்தார். நான் போய்த் திறந்தேன். தையல்கார அம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. என்னைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

"நீங்க இருக்கீங்களா, நல்லதாப் போச்சு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாங்க? ஆறு இருபது ஆயி, ஏழு மணியாயி, விளக்கே போடலயே. மனசு கேக்கல. தனியா இருக்கிற பொம்பளயாச்சே, விழுந்து கிழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?"

பின்னால் கூடத்தில் முக்காலி நகர்ந்தது. மருந்துக் கடைக்காரர் எழுந்துவிட்டார். பாருங்கள், நான் சொன்னேன் இல்லையா என்கிற மாதிரி அவர் செருமினார். தரகர், இல்ல சார், அந்தம்மா தெரியாம, என்று ஆரம்பித்தார். மைத்துனன் எதுவும் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவன் சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல அவனால் முடிந்திருந்தால் அந்தப் பெட்டியைச் செய்திருக்கவே மாட்டான். இரண்டு வாரத்துக்கு முன் அந்தத் துணி மூட்டை மேல் உட்கார்ந்து நான் விழுங்கிய வாக்கியம் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் வீடு காலி. சொல்லாவிட்டால் நான் இந்த வீட்டில் தட்டு கழுவ வேண்டும்.

"இங்க யாரும் இல்லம்மா," என்றேன். "நீங்க சொல்றது என் மனைவி. அவ போன வருஷமே எறந்துட்டா. சமையலறைக்கு வெளிய அந்த நாலடியிலதான் விழுந்தா. அதுக்கப்புறம் இந்த வீட்டுல யாரும் இல்ல."

நினைத்ததைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். காலி வீட்டில் குரல் பெரிதாகத்தான் கேட்கும்.

அந்த அம்மா நாடாவின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் யாரப் பாத்துங்க தெனம் எழுந்திரிச்சிகிட்டு இருந்தேன்?"

"என் பெட்டியப் பாத்து," என்றான் மைத்துனன் இருட்டிலிருந்து. "பழைய லிப்ட் பெட்டி. நேரம் மட்டும் அக்காவோடது."

"பேய் கீய்னு எதுவும் இல்ல சார்," என்றார் தரகர் அவசரமாக, யாரும் கேட்பதற்கு முன்பே. "சுத்தமான டைமர்."

மருந்துக் கடைக்காரர் டார்ச்சை அணைத்தார். அவர் கடையில் முப்பது வருஷமாகச் சீட்டு வாங்கிப் பார்த்தவர், யார் உண்மையைச் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எட்டு மணி வரை இருக்கவில்லை. விளக்கைப் போடுங்க சார், கொசு பிடுங்குது என்றார். போட்டேன். சுவிட்சைத் தேடவில்லை. வெளிச்சத்தில் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். தையல்கார அம்மா உள்ளே வரலாமா என்று கேட்டு வந்து, அந்த நாலடி இடத்தைத் தாண்டாமல் சமையலறையை எட்டிப் பார்த்தார். தரையில் சுண்ணக்கட்டிக் கோடுகள் இருந்தன. நன்றாகப் பெருக்கி வைத்திருக்கிறீர்கள் என்றார்.

முழு விலைதான். பத்திரம் மூன்று வாரத்தில் முடிந்தது, ரெண்டே வாரத்தில் அல்ல. வரி இரட்டிப்பாவதற்குப் பதினோரு நாள் மிச்சமிருந்தது. நகராட்சி ஜன்னலில் பெயர் மாற்ற மனு கொடுத்தபோது, அதே எழுத்தர், நல்ல வீடு சார், நீங்களே இருந்திருக்கலாம் என்றார். முத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சாவி கொடுக்கிற அன்று மருந்துக் கடைக்காரர் ஒரு உதவி கேட்டார். மகளுக்குப் பரீட்சை முடிய இரண்டரை மாதம் இருக்கிறது, அதுவரைக்கும் குடிவர முடியாது, வீடு பூட்டித்தான் கிடக்கும், அந்தப் பெட்டியை இருக்கிறபடியே மாட்டி விட்டுப் போக முடியுமா என்றார். மைத்துனன் முகம் மலர்ந்தது. நேரமெல்லாம் அதிலேயே இருக்கு சார், இணைப்பு கொடுத்தால் போதும் என்று திருப்புளியை எடுத்தான்.

"அந்த நேரம் வேணாம்," என்றேன். "அவங்க வீட்டு நேரத்தக் கேட்டுப் போடு."

அவன் என்னைப் பார்த்தான். திருப்புளியால் பெட்டியின் ஓரத்தைச் சுரண்டினான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, சொல்லுங்க சார் என்றான்.

மருந்துக் கடைக்காரர் யோசித்தார். யாரும் கேட்டிராத கேள்விபோல. கடை சாத்தி வர ராத்திரி பத்தரை, அதுவரைக்கும் வாசல் விளக்கு மட்டும். ரேடியோ வேண்டாம், யாரும் கேட்பதில்லை. காலையில் எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பார்கள்.

"எட்டா?" என்றான் மைத்துனன்.

"எட்டு," என்றார் அவர்.

எழுதிக்கொண்டான். பழைய நேரங்களை அழிக்க ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பொத்தானை மூன்று வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பதினாறு முறை அழுத்தினான். அவசரப்படவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை. முடிந்ததும் அவன் கையைத் துடைத்துக்கொண்டான். நான் சாவிக்கொத்தை மருந்துக் கடைக்காரர் கையில் வைத்தேன். அதில் எது எந்தக் கதவுக்கு என்று காட்டிவிட்டு இறங்கினோம்.

தெருமுனை வரைக்கும் மைத்துனன் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

"எட்டு மணி வரைக்குமா அத்தான் தூங்குவாங்க ஒரு வீட்டுல?"

"அது அவங்க வீடு," என்றேன். "எப்ப எழுந்தா உனக்கென்ன?"

அவன் வண்டியை உதைத்தான், இன்ஜின் பிடிக்காமல் மூன்று முறை உதைத்தான். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அறைக்கு வழி தெரியுமா என்று கேட்டேன். ஒரு வருஷமாக அங்கே இருக்கிறேன், அவன் ஒரு தடவைகூட வந்ததில்லை. சொல்லுங்க, போகலாம் என்றான்.